மணற்கோட்டைப் பூதம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் திருத்தும் வழிமுறை

கடற்கரையில் பிள்ளைகள் ஈரமணலை வாளியில் அடைத்துக் கவிழ்த்துக் கட்டும் கோட்டைக்குக் கண்ணும் வாயும் கையும் முளைத்தால் எப்படி இருக்குமோ, அந்த உருவத்தைக் கார்ட்டூனாக வரையக் கற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார இறுதிகளில் என்னிடம் ஓவியம் பயிலும் பிள்ளைகளுக்கு இந்தப் பூதத்தைப் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படிகள் கடினமானவை அல்ல என்றாலும், ஏறத்தாழ எல்லாரும் ஒரே விதமான இடங்களில்தான் தடுக்கி நிற்கிறார்கள். நின்றதும், பிழை கண்ணில் படுகிற இடத்திலேயே ரப்பரை வைத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிழை தெரிவது ஓரிடத்தில், பிழை பிறந்தது அதற்கு முந்திய படியில். முகம் கோணலாகத் தெரிகிறது என்றால் கோணல் பெரும்பாலும் முகத்தில் இல்லை; முகத்தை வரைவதற்கு முன் போட்ட வாளி வடிவத்தில் இருக்கிறது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், அது எந்தப் படியிலிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லி, அந்தப் படிக்கே திரும்பிச் சென்று திருத்தும் முறையைத் தருகிறேன்.

பிழையில்லாமல் வரும்போது படிகளின் வரிசை

ஏ4 தாளை நெடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அடியிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் ஒரு தரைக்கோடும், 260 மி.மீ. உயரத்தில் ஒரு கண்மட்டக் கோடும் மெல்லியதாக இழுக்க வேண்டும். கடற்கரையில் நின்றபடி கீழே குனிந்து பூதத்தைப் பார்க்கும் ஒருவரின் பார்வை இது. அதனால்தான் கண்மட்டம் பூதத்தின் தலைக்கும் மேலே இருக்கிறது. அடுத்து, தாளின் நடுவே செங்குத்தாக ஓர் அச்சுக்கோடு.

அந்த அச்சின்மேல் பெரிய வாளியைக் கவிழ்த்த வடிவத்தை வரைகிறோம்: அடி அகலம் 110 மி.மீ., மேல் அகலம் 80 மி.மீ., உயரம் 100 மி.மீ. இதுவே உடலும் முகமும். அதன்மேல் சிறிய வாளி ஒன்று கிரீடம்போல் உட்காரும்: அடி 56, மேல் 42, உயரம் 50 மி.மீ. இரு பக்கமும் 28 மி.மீ. அகலமும் 60 மி.மீ. உயரமும் கொண்ட இரண்டு சிறு கோபுரங்கள் தோள்களாகின்றன. இவ்வளவும் முடிந்த பிறகே கண், வாய், மதில்மேல் வரும் பற்கள் ஆகியவை; அதன் பிறகு சிதைவுகளும் மணல் புள்ளிகளும்; கடைசியில் மை, வண்ணம். எச்.பி. பென்சிலைக் கூராகச் சீவி, நுனியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் கை தானாகவே அழுத்தம் குறைத்து இழுக்கும். இந்த வரிசையை மாற்றி, ஆசைப்பட்டுக் கண்ணிலிருந்து தொடங்குகிறவர்களுக்கே கீழே சொல்லும் சிக்கல்களில் பாதி நேர்கின்றன.

அறிகுறி: கோபுரங்கள் தட்டையாக இருக்கின்றன, அல்லது ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சாய்வதுபோல் தெரிகின்றன

இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகளில் பலவற்றுக்கு இதுவே வேர். வாளியின் வாய் ஒரு வட்டம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லா நீள்வட்டங்களும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். கண்மட்டத்தில் இருக்கும் வட்டம் வெறும் கோடாகவே தெரியும். அதிலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் மேலும் மேலும் திறந்துகொண்டு வரும். வீட்டில் ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். அதன் வாய் திறந்துகொண்டே வருவது தெரியும்.

நம் அளவுகளில் இதைக் கணக்காகவே சொல்லலாம். கண்மட்டக் கோட்டிலிருந்து கிரீடத்தின் உச்சி 50 மி.மீ. கீழே இருக்கிறது, உடலின் மேல்விளிம்பு 100 மி.மீ. கீழே, உடலின் அடி 200 மி.மீ. கீழே. தூரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பதால் நீள்வட்டத்தின் திறப்பும் இரட்டிக்கும். உச்சியில் உயரம் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உடலின் மேல்விளிம்பில் ஆறில் ஒரு பங்கு. அடியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது உச்சி நீள்வட்டம் 42 மி.மீ. அகலத்துக்கு மூன்றரை மி.மீ. உயரமே இருக்கும், உடலின் மேல்விளிம்பு 80-க்கு 13, அடி 110-க்கு 37. தோள் கோபுரங்களின் உச்சி அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திறந்திருக்கும்.

பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாக, உச்சியை அகலத் திறந்துவிட்டு அடியை நேர்க்கோடாக முடிக்கிறார்கள். தாள்மேல் நாம் வரைகிற பழக்கமே அப்படி: மேலே இருப்பது கண்ணில் படுகிறது, அடி மணலுக்குள் மறைந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மறைகிற அந்த அடி நீள்வட்டத்தையும் மெல்லிய கோட்டில் முழுவதுமாக, பின்பக்கம் உட்பட, வரைந்து பார்த்தால்தான் வாளி தரையில் உட்காரும். திருத்தும்போது கோபுரத்தை அழிக்க வேண்டியதில்லை. நீள்வட்டங்களை மட்டும் மேலே சொன்ன அளவுக்கு மாற்றுங்கள், சாய்வு நின்றுவிடும். அதன் பிறகும் சாய்ந்தால், நீள்வட்டத்தின் நீண்ட அச்சு கிடைமட்டமாக இல்லை என்று பொருள். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது உடனே தெரியும்.

அறிகுறி: மதில் பற்கள் சீப்பைப்போல் இருக்கின்றன

கோட்டைச் சுவரின் மேல்விளிம்பில் இடைவெளி விட்டு விட்டு நிற்கும் கட்டைகளை இங்கே பற்கள் என்றே சொல்கிறேன். பூதத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருக்கிறது. அவற்றை ஸ்கேலால் சம அளவாகப் பிரித்து வரைந்தால் வட்டமான விளிம்பு தட்டையாகிவிடும். வட்டத்தைச் சுற்றி உண்மையில் சம அகலத்தில் நிற்கும் பற்கள், நம் பார்வையில் நடுவில் அகலமாகவும் ஓரத்தை நோக்கிக் குறுகியும் தெரியும்.

உடலின் மேல்விளிம்பைச் சுற்றி எட்டுப் பற்களும் எட்டு இடைவெளிகளும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 80 மி.மீ. அகலத்தில் நடுப்பல் 16 மி.மீ. அகலம் இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 14 மி.மீ. இடைவெளி, பிறகு 11 மி.மீ. பல், பிறகு 6 மி.மீ. இடைவெளி, கடைசியாக ஓரத்தில் 1 மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்கும் பல். ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த அளவுகளைக் குறித்து, விளிம்பின்மேல் வைத்துப் புள்ளியிட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை இப்படி அளந்து போட்டுவிட்டால் பிறகு கண்ணே அளந்துகொள்ளும். பற்களின் உச்சியும் மேல்விளிம்பின் வளைவையே பின்பற்ற வேண்டும். நேர்க்கோட்டில் வெட்டினால் மீண்டும் சீப்புதான்.

அறிகுறி: கோட்டை வந்துவிட்டது, பூதம் வரவில்லை

கோட்டையை அழகாக வரைந்து, அதன்மேல் இரண்டு கண்ணும் ஒரு வாயும் ஒட்டியதுபோல் இருந்தால், பிழை வெளிவடிவத்தில் இருக்கிறது. இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. படத்தின்மேல் இன்னொரு மெல்லிய தாளை வைத்து, உருவத்தின் புறக்கோடு ஒன்றை மட்டும் வரைந்தெடுத்து உட்பகுதி முழுவதையும் கறுப்பாக நிரப்புங்கள். அந்தக் கறுப்பு உருவத்தைக் காட்டி, இது என்ன என்று படத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கேளுங்கள். "கோட்டை" என்று மட்டும் பதில் வந்தால், முகத்தில் எவ்வளவு உழைத்தாலும் பூதம் வராது.

வெளிவடிவத்தில் உயிர் வருவதற்கு அச்சுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நேராக இருந்த அச்சைச் சிறிது வளையுங்கள். அடி ஒரு பக்கமும் கிரீடம் மறுபக்கமும் போகுமாறு, உச்சியில் 10 முதல் 15 மி.மீ. நகர்ந்தால் போதும். வாளிகள் அந்த வளைந்த அச்சின்மேல் அடுக்கப்படும்போது, உருவம் எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். தோள் கோபுரங்களில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துங்கள்.

விகிதத்துக்கு நம்மிடமே சிறந்த பாடம் இருக்கிறது. சோழர் காலக் கோயில்களில் கூரையின் கபோதத்துக்கு, அதாவது வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்புக்கு, சற்றுக் கீழே வரிசையாகச் செதுக்கியிருக்கும் பூதவரியைப் பார்த்தவர்கள், குறிப்பாகத் தஞ்சாவூரை அடுத்த புள்ளமங்கையில் பார்த்தவர்கள், அந்தப் பூதகணங்கள் எப்படி அமைந்தவை என்பதை அறிவார்கள்: பெரிய தலை, கழுத்தே இல்லை, பானை வயிறு, கட்டை குட்டையான கைகால். பார்த்ததும் பூதம் என்று தெரிகிறது. ஆனால் யாரும் அஞ்சுவதில்லை. நம் உருவத்துக்கும் அதே விகிதம் பொருந்தும். கழுத்தை நீட்டாதீர்கள், முகத்தை உடலிலேயே வைத்திருங்கள், கைகளைக் குறுக்குங்கள்.

முகத்தின் உறுப்புகளைக் கோட்டையின் உறுப்புகளிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கண்கள் வளைவுச் சாளரங்கள். வாய் கோட்டை வாசல். வாய்க்குள் மேலிருந்து இறங்கும் பற்கள் மதில் பற்களின் எதிரொலி. புருவம் சாளரத்துக்கு மேலே துருத்தும் மணல் திட்டு. மனித முகத்தின் கண்ணையும் உதட்டையும் கொண்டுவந்து வைத்தால் அவை எப்போதும் ஒட்டியவையாகவே தெரியும், எவ்வளவு அழகாக வரைந்தாலும்.

அறிகுறி: முகம் ஒரு பக்கம் நழுவுகிறது, அல்லது கண்கள் சுவரொட்டிபோல் தட்டையாக இருக்கின்றன

முகம் நேராகப் பார்க்கும்போது அதிகம் சிக்கல் இல்லை. கண் இரண்டும் 14 மி.மீ. அகலத்தில், அச்சுக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றின் மையமும் 16 மி.மீ. தள்ளி இருந்தால் போதும். பூதம் பக்கவாட்டில் திரும்பும்போதுதான் பிழை வருகிறது: வரைபவர்கள் இரு கண்களையும் அளவு மாறாமல் அப்படியே நகர்த்திவிடுகிறார்கள்.

வாளி உருண்டையானது என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எளிது. உடல் 30 பாகை திரும்பினால், முகத்தின் நடுக்கோடு அந்த உயரத்தில் உள்ள ஆரத்தில் சரிபாதி தூரம் நகரும். அருகிலுள்ள கண் ஏறத்தாழ 14 மி.மீ. அகலத்திலேயே இருக்கும், தூரத்துக் கண்ணோ 9 மி.மீ. ஆகக் குறுகும். உயரம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. அந்த நடுக்கோடும் நேராக இருக்காது, வாளியின் பக்கச் சரிவை ஒட்டிச் சாயும். இரு கண்களையும் இணைக்கும் கோடு, வாளியின் விளிம்பைப்போல் கீழ்நோக்கித் தொய்ந்த வளைவாக வர வேண்டும்.

படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இடம் வலம் மாறியதும், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும். கோணல் தெரிந்தால் கண்ணை அழிப்பதற்கு முன் வாளியின் இரு பக்கச் சரிவுகளும் அச்சிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழெட்டு முறை அங்கேதான் பிழை இருந்திருக்கிறது.

அறிகுறி: பூதம் வந்துவிட்டது, மணல் வரவில்லை

கருங்கல் கோட்டைபோல் இருக்கிறது, அல்லது பிறந்தநாள் கேக்கைப்போல் இருக்கிறது என்று பிள்ளைகள் வருந்துவது இந்தக் கட்டத்தில்தான். உடனே எல்லாரும் புள்ளி வைக்கத் தொடங்குகிறார்கள். புள்ளியால் மணல் வராது. மணலை மணலாகக் காட்டுவது அதன் நடத்தை. அதைச் சிறிது தெரிந்துகொண்டால் எங்கே என்ன வரைய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

ஈரமணல் நிற்பதற்குக் காரணம், மணிகளுக்கு இடையே நீர் சின்னச் சின்னப் பாலங்களாக நின்று, தன் பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே. ஈரம் காய்ந்தால் அந்தப் பாலம் அறுந்துவிடும், மணி உதிரும். வெயிலும் காற்றும் முதலில் தொடுவது மெல்லிய விளிம்புகளையும் உச்சிகளையும் என்பதால், உதிர்வு எப்போதும் அங்கேயே தொடங்கும்: பற்களின் மூலைகள், கிரீடத்தின் விளிம்பு, சாளரத்தின் மேல் வளைவு. உதிர்ந்த உலர்மணல் கீழே விழுந்து, சுவரின் அடியில் சரிவாகக் குவியும். அந்தச் சரிவு நம் விருப்பப்படி அமைவதன்று. உலர்மணல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். தாளில் குறுக்கே 3 மி.மீ. போனால் 2 மி.மீ. ஏறும் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் செங்குத்தாகக் குவியலை வரைந்தால் அது மண்ணாங்கட்டியாகவோ களிமண்ணாகவோ தெரியும்; ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவரின் கண் அதை ஏற்காது.

ஆகவே திருத்தம் இப்படி அமையும். முதலில் புறக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். கல்லுக்கும் கேக்குக்கும் புறக்கோடு அறுபடாமல் ஓடும். மணலுக்கு அப்படி ஓடக்கூடாது. நிழல்பக்கத்தில் கோட்டைத் தொடர்ச்சியாக விட்டு, வெளிச்சம் படும் பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் 5 முதல் 8 மி.மீ. நீளத்துக்கு அழித்து, அங்கே நாலைந்து புள்ளிகளை மட்டும் வையுங்கள். இரண்டாவதாக, பற்களில் ஒன்றையாவது மூலை உடைந்ததாக மாற்றி, அதற்கு நேர்கீழே, உடலின் அடியில், சிறு குவியல் ஒன்றை வரையுங்கள். மேலே உடைந்ததும் கீழே விழுந்ததும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு தொடர்பு நூறு புள்ளிகளைவிட அதிகம் சொல்லும் என்று எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டேன். மூன்றாவதாக, வாளியின் அடித்தட்டில் இருந்த வளையம் பதிந்த தடத்தை உடலின் மேற்பரப்பில் மெல்லிய நீள்வட்டமாகக் காட்டலாம். இந்தக் கோட்டை கையால் அடைத்துக் கவிழ்த்தது என்பதை அது உணர்த்தும்.

விரிசல் போடுவதில் கவனம் தேவை. கல்லில் விரிசல் மின்னல்போல் நீண்டு கிளைக்கும். மணலிலோ ஒரு துண்டு அப்படியே கழன்று, சிப்பிபோல் குழிந்த தழும்பை விட்டுவிட்டு விழும். ஆகவே மின்னல் விரிசல்களை அழித்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஆழமில்லாத பிறை வடிவக் குழிகள் இரண்டை வரைந்தால் கல் மணலாக மாறிவிடும்.

அறிகுறி: புள்ளி வைத்தேன், அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது

புள்ளிகளைச் சம இடைவெளியில், சம அளவில், உடல் முழுவதும் பரப்பியதன் விளைவு இது. மணலின் மேற்பரப்பு எங்கும் சொரசொரப்பாகவே இருந்தாலும், வெளிச்சம் நேராக விழும் இடத்தில் அந்தச் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையில், சாய்வாக விழும் ஒளியில்தான் ஒவ்வொரு மணியும் தனித்துத் தெரிகிறது.

ஒளி இடப்பக்க மேலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், உடலின் வலப்பக்கத்தில் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிழல் விழும். அந்த நிழலின் எல்லையில் புள்ளிகளை நெருக்கமாகவும், அங்கிருந்து இடப்பக்கம் நகர நகர வேகமாகக் குறைத்தும், வெளிச்சத்தின் நடுவே ஒன்றுகூட இல்லாமலும் வையுங்கள். 0.1, 0.3, 0.5 என மூன்று அளவு பேனாக்கள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே பேனாவால் சில புள்ளிகளை இரண்டாம் முறை தொட்டுப் பெரிதாக்கலாம். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துத் தொட வேண்டும். சாய்த்துப் பிடித்தால் புள்ளி வாலுடன் விழும். கை களைத்ததும் புள்ளிகள் தாமாகவே வரிசையில் நிற்கத் தொடங்கும். அதைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அம்மை போட்ட படத்தைக் காப்பாற்ற முடியுமா என்றால், மையில் போட்டதை அழிக்க முடியாது. நிழல்பக்கத்தில் புள்ளிகளைப் பலமடங்கு நெருக்கமாக்கி, வெளிச்சப்பக்கம் ஒப்பீட்டில் வெறுமையாகத் தெரியும்படி செய்யலாம். ஓரளவு பயன்தரும்.

அறிகுறி: பூதம் தரையில் நிற்காமல் மிதக்கிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். அடி நீள்வட்டம் தட்டையாக இருந்தால் மேலே சொன்ன திருத்தத்தைச் செய்யுங்கள். தரையில் விழும் நிழலே இல்லையென்றால், உடலின் வலப்பக்க அடியிலிருந்து வலப்புறம் நீளும் நிழலை, உடல் தரையைத் தொடும் இடத்தில் மிகக் கருமையாகவும் தள்ளிப்போகப் போக வெளிறியும் இடுங்கள்.

மூன்றாவது காரணம் கடல். பின்னணியில் கடலை வரைகிறவர்கள் தொடுவானத்தைத் தமக்குப் பிடித்த இடத்தில், பெரும்பாலும் பூதத்தின் இடுப்பு உயரத்தில், இழுத்துவிடுகிறார்கள். கடலின் தொடுவானம் பார்ப்பவரின் கண்மட்டத்திலேயே எப்போதும் இருக்கும். நம் படத்தில் அது 260 மி.மீ. உயரத்தில் உள்ள அந்தக் கோடுதான். பூதத்தின் கிரீடத்துக்கும் மேலே. தொடுவானத்தை இடுப்பில் வைத்துவிட்டு நீள்வட்டங்களை மேலிருந்து பார்ப்பதாக வரைந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும். உருவம் தரையை விட்டுக் கழன்றுவிடும். அகழி வரைவதானால், அதன் வளைவும் உடலின் அடியைப்போலவே அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கட்டும்.

அறிகுறி: கைகள் குழாய்போல் இருக்கின்றன

மணலால் ஆன கை காற்றில் நீட்டிக்கொண்டு நிற்காது என்பதை வரைபவர் மறந்ததால் வருவது இது. ஒடிசாவின் புரி கடற்கரையில் சுதர்சன் பட்நாயக் போன்ற மணற்சிற்பிகள் செய்யும் உருவங்களைக் கவனித்தால், கையும் முகமும் ஆடையும் பின்னாலுள்ள மணல் மேட்டில் சாய்ந்தபடியே எழுவதைக் காணலாம். அந்தரத்தில் தொங்கும் உறுப்பு இருக்காது. நம் பூதத்தின் கைகளும் தோள் கோபுரத்திலிருந்து வழிந்து இறங்கி, உள்ளங்கை தரையில் ஊன்றியிருக்கட்டும்.

கைக்கு உரிய வடிவத்தைக் கடற்கரையிலேயே கற்றுக்கொள்ளலாம். நீர் மிகுந்த மணலைப் பிடியில் எடுத்து விரல்வழியே சொட்டவிட்டால், சொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குமிழ்களாய் உறைந்து எழும். அந்தக் குமிழ்களை அடியில் பெரிதாகவும் மேலே சிறிதாகவும் அடுக்கியதுபோல் கையை வரைந்தால், குழாய் மறைந்து கை வந்துவிடும். கார்ட்டூன் என்பதால் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்ட விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். அப்போது அந்தக் கையிலிருந்து மணல் உதிர்வதையும், அதற்கு நேர்கீழே குவியல் சேர்வதையும் காட்டியாக வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் முகம் வெறித்துப் பார்க்கிறது

கண்மணியை இரு சாளரங்களின் நடு மையத்திலும் வைத்ததால் வருவது. கண்மணிகள் இரண்டையும் ஒரே பக்கம், சாளரத்தின் விளிம்பைத் தொடும் அளவுக்கு நகர்த்துங்கள். ஆனால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். இந்தப் பூதம் எதைப் பார்க்கிறது என்பதை வரைபவர் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் சிதைக்க வரும் பிள்ளையிடம், சிதைத்துவிடாதே என்று அவர்கள் கெஞ்சும் பருவம் அது. மணல்வீட்டுக்கு இருக்கும் இரண்டு அச்சங்கள், அலையும் காலும். நம் பூதத்துக்கும் அவையே. தாளின் ஒரு மூலையில் ஒரு சிறுகாலின் விரல்களையோ, நுரையோடு நெருங்கும் அலையின் நாக்கையோ வரைந்து, கண்மணிகளை அதை நோக்கித் திருப்பிவிட்டால் முகத்துக்கு உடனே பொருள் வந்துவிடும். புருவத் திட்டின் உள்முனையை மேலே உயர்த்தினால் அஞ்சுகிறது, தாழ்த்தினால் சினக்கிறது. பெரிய பற்களும் அஞ்சும் புருவமும் சேர்ந்த பூதத்தைப் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். எனக்கும் அதுவே பிடிக்கும்.

அறிகுறி: வண்ணம் இட்டதும் சேறாகிவிட்டது

நிழலுக்குக் கறுப்பைக் கலந்திருப்பீர்கள். நீர்வண்ணத்தில் முதலில் மஞ்சள் காவியை நிறைய நீரில் கரைத்து முழு உருவத்துக்கும் ஒரே பூச்சாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு, அதே காவியில் சிறிது பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் ஒரு துளி நீலமும் கலந்து நிழலை இடுங்கள். காய்வதற்கு முன் தொட்டால் இரண்டும் கலங்கி மீண்டும் சேறாகும்.

ஈரமணல் உலர்மணலைவிடக் கருமையாகத் தெரியும். மணிகளுக்கு இடையே காற்றுக்குப் பதிலாக நீர் இருக்கும்போது, ஒளி முன்போல் சிதறித் திரும்பாமல் உள்ளே ஆழமாகப் போய், அதில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே உடலின் அடியில் 20 முதல் 25 மி.மீ. உயரம் வரை ஒரு கரும்பட்டையும், உச்சியில் வெளிறிய காவியும் அமைந்தால் பூதம் கீழிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பட்டையின் மேல்விளிம்பைக் கோடாக வெட்டாமல், ஈரத் தூரிகையால் தொட்டு மேல்நோக்கிக் கரைத்துவிடுங்கள்.

அறிகுறி: மை இழுகுகிறது, தாள் பிய்கிறது, தலை தாளுக்கு வெளியே போகிறது

ஸ்கெட்ச் பேனாவின் மை பெரும்பாலும் நீரில் கரையும். அதன்மேல் நீர்வண்ணம் பூசினால் இழுகத்தான் செய்யும். நீரில் கரையாத மைப் பேனாவைப் பயன்படுத்துங்கள், அல்லது வண்ணத்தை முதலில் முடித்துக் காயவிட்டுக் கோட்டைப் பிறகு இடுங்கள். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் பென்சில் கரி பரவாது. சாதாரண நகலெடுக்கும் தாள் நாலைந்து முறை அழித்தாலே பிய்ந்துவிடும். வண்ணம் பூசுவதானால் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அல்லது அதற்கு மேற்பட்ட தாளே தாங்கும். தலை வெளியே போவதற்குக் காரணம், கீழிருந்து தொடங்கி மேலே இடம் பார்க்காமல் ஏறியது. முதலில் தரை, உடலின் மேல்விளிம்பு, கிரீடத்தின் உச்சி ஆகிய மூன்று உயரங்களையும் அச்சுக்கோட்டில் குறித்துவிட்டுத் தொடங்கினால் இது நேராது.

அறிகுறி: ஒருமுறை நன்றாக வந்தது, மறுமுறை வேறு யாரோபோல் வருகிறது

நன்றாக வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து நகலெடுப்பதால் இது தீராது. அதில் எந்த விகிதங்கள் பூதத்தை அந்தப் பூதமாக்கின என்பதைத் தனித் தாளில் எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். கிரீடத்தின் உயரம் உடலில் பாதி. கண்கள் உடலின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில். வாய் 40 மி.மீ. அகலம், கீழ்ப்பாதியில், உடைந்த பல் நடுப்பல்லுக்கு இடப்பக்கம், இடத்தோள் வலத்தோளைவிட உயரம் என்று ஐந்தாறு குறிப்புகள் போதும். அவற்றை வைத்துக்கொண்டு, பழைய படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேராகப் பார்ப்பது, 30 பாகை இடப்பக்கம் திரும்பியது, 30 பாகை வலப்பக்கம் திரும்பியது என்று மூன்று வாளிகளை மட்டும் முதலில் வரையுங்கள். மூன்றிலும் நீள்வட்டங்கள் சரியாக உட்கார்ந்த பிறகு முகத்தைத் தொடங்குங்கள்.